'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி': அன்று 'செம போர்', இன்று 'மாஸ்டர்பீஸ்'... விமர்சகர்கள் மனம் மாறியது எப்படி?

1968 ஏப்ரல் முதல் வாரம். அமெரிக்காவின் வாஷிங்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களில் அடுத்தடுத்து ஒரு படத்தின் சிறப்புக் காட்சிகள். கோடிக்கணக்கில் செலவழித்து, வருடக்கணக்கில் ரகசியமாக எடுக்கப்பட்ட விண்வெளிப் படம் என்பதால் எக்கச்சக்க எதிர்பார்ப்பு.

ஆனால் படம் ஓட ஓட, பார்வையாளர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போக ஆரம்பித்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் காட்சியில், அன்றைய ஹாலிவுட்டின் பெரிய ஸ்டாரான ராக் ஹட்சனே "இந்தப் படம் எதைப் பத்தினது, யாராவது சொல்லுங்களேன்" என்ற ரீதியில் புலம்பிக்கொண்டே வெளியேறியதாக விமர்சகர் ரோஜர் ஈபர்ட் எழுதியிருக்கிறார்.

அந்தப் படம்தான் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. 2022-ல் பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் உலகெங்கும் உள்ள இயக்குநர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தியபோது, எல்லா காலத்துக்குமான சிறந்த படமாக முதலிடம் பிடித்ததும் இதே படம்தான்.

நடுவில் என்ன நடந்தது? படம் மாறியதா, பார்த்தவர்கள் மாறினார்களா?

படத்தின் கதை என்ன?

ஒரு வரியில் சொல்வது கொஞ்சம் கஷ்டம். ஆதிகாலக் குரங்கு மனிதர்கள் முன்பு திடீரென ஒரு கறுப்புக் கல்பலகை தோன்றுகிறது. அதன் பிறகு அவர்கள் எலும்பை ஆயுதமாக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பல லட்சம் ஆண்டுகள் கழித்து, நிலவின் மண்ணுக்கு அடியில் அதேபோன்ற பலகை கிடைக்கிறது. அது அனுப்பும் சிக்னலைத் தொடர்ந்து வியாழன் கிரகத்துக்கு ஒரு விண்கலம் கிளம்புகிறது. வழியில், கலத்தை இயக்கும் 'ஹால் 9000' என்ற கணினி மனிதர்களுக்கு எதிராகத் திரும்புகிறது. தப்பிப் பிழைக்கும் ஒரே வீரர், விளக்கமே இல்லாத ஒரு ஒளிப் பயணத்துக்குள் இழுக்கப்படுகிறார்.

கதையை குப்ரிக்குடன் சேர்ந்து உருவாக்கியவர் ஆர்தர் சி. கிளார்க். 1956-லிருந்தே இலங்கையில் குடியேறி வாழ்ந்த அதே அறிவியல் புனைகதை எழுத்தாளர்தான். அவருடைய 'தி சென்டினல்' சிறுகதைதான் இந்தப் படத்துக்கு விதை.

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸே இல்லாமல் எப்படி?

படம் வந்தபோது மனிதன் நிலவில் கால் வைக்கவில்லை. அப்பல்லோ 11 தரையிறங்கியது 1969 ஜூலையில். நிலவைச் சுற்றிவந்த அப்பல்லோ 8 பயணமே 1968 டிசம்பரில்தான். அதாவது, விண்வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் கற்பனையில்தான் உருவாக்க வேண்டியிருந்தது. இன்றைய சிஜி தொழில்நுட்பமும் கிடையாது. எல்லாமே கேமரா, கண்ணாடி, மாடல், விளக்கு வைத்துச் செய்த வேலை.

சில உதாரணங்கள்:

* விண்கலத்துக்குள் வீரர் வட்டமாக ஓடும் காட்சிக்காக, சுமார் 38 அடி விட்டமுள்ள ஒரு பிரம்மாண்ட சக்கரத்தையே செட்டாகக் கட்டினார்கள். ராட்டினம் போல மொத்த செட்டும் சுழலும். நடிகர் எப்போதும் அடிப்பகுதியில்தான் ஓடிக்கொண்டிருப்பார். இந்த ஒரு செட்டுக்கு மட்டும் அன்றைய மதிப்பில் சுமார் 7.5 லட்சம் டாலர் செலவு.

* காற்றில் மிதக்கும் பேனா பலரையும் வியக்க வைத்த காட்சி. உண்மையில் அது ஒரு பெரிய கண்ணாடித் தகட்டில் டேப் போட்டு ஒட்டப்பட்ட பேனா. கண்ணாடியை மெதுவாகச் சுழற்றினார்கள், அவ்வளவுதான்!

* குரங்கு மனிதர்கள் வரும் ஆப்பிரிக்கப் பாலைவனம், இங்கிலாந்தில் ஒரு ஸ்டூடியோவுக்குள் எடுக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் எடுத்த புகைப்படங்களை, ஒளியை அப்படியே திருப்பி அனுப்பும் விசேஷத் திரையில் முன்பக்கத்திலிருந்து பாய்ச்சி, அதன் முன்னால் நடிகர்களை நிறுத்தினார்கள்.

* கடைசியில் வரும் ஒளிப் பயணம், டக்ளஸ் ட்ரம்புல் என்ற இருபதுகளில் இருந்த இளைஞரின் கைவண்ணம். 'ஸ்லிட் ஸ்கேன்' என்று பெயர். மெல்லிய ஒரு கீறல் வழியாகத் தெரியும் ஒளியூட்டப்பட்ட ஓவியத்தை நோக்கி கேமரா நகரும். அது நகர்ந்து முடிக்கும்வரை ஃபிலிமின் ஒரே ஒரு ஃப்ரேம் திறந்தே இருக்கும். ஒரு விநாடி காட்சிக்கு இப்படி 24 ஃப்ரேம்கள் எடுக்க வேண்டும்.

இந்தப் பொறுமைக்கான விலையும் பெரியது. சுமார் 60 லட்சம் டாலரில் தொடங்கிய பட்ஜெட், 1 கோடி டாலரைத் தாண்டிப் போனது. அன்றைக்கு அது மிகப் பெரிய தொகை. தயாரிப்பு நிறுவனமான எம்ஜிஎம் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

நியூயார்க் பத்திரிகைகள் வெளுத்து வாங்கின.

'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் ரெனாட்டா ஆட்லர், மயக்கத்தில் ஆழ்த்துவதற்கும் தாங்க முடியாத அலுப்புக்கும் இடையில் எங்கோ இந்தப் படம் நிற்கிறது என்ற கருத்தில் எழுதினார். பிரபல விமர்சகர் பாலின் கேல் இன்னும் ஒரு படி மேலே போய், பிரம்மாண்ட அளவில் கற்பனை வறட்சி கொண்ட படம் என்று சாடினார். 'வில்லேஜ் வாய்ஸ்' இதழின் ஆண்ட்ரூ சாரிஸுக்கும் படம் பிடிக்கவில்லை. 'நியூஸ்டே' பத்திரிகையின் ஜோசப் கெல்மிஸும் எதிர்மறையாகவே எழுதினார்.

எல்லோருமே எதிர்ப்பு என்று சொல்லிவிட முடியாது. 'நியூயார்க்கர்' இதழில் பெனலோப்பி கில்லியட் பாராட்டினார். சிகாகோவில், அப்போது 25 வயதே ஆன ரோஜர் ஈபர்ட் நான்கு ஸ்டார் கொடுத்தார். ஆனால் முதல் வாரத்தில் உரக்கக் கேட்டது எதிர்ப்புக் குரல்தான்.

ஏன் இவ்வளவு கோபம்?

காரணம் கிராஃபிக்ஸ் மோசம் என்பதல்ல. காட்சிகளின் அழகைத் திட்டியவர்கள்கூடப் பெரும்பாலும் மறுக்கவில்லை. அவர்களுடைய கேள்வி வேறு: "எல்லாம் சரி, கதை எங்கே?"

சுமார் இரண்டரை மணி நேரப் படத்தில் வசனம் இருப்பதே 40 நிமிடத்துக்கும் குறைவுதான். முதல் 25 நிமிடங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடைசி 20 நிமிடங்களுக்கு மேலும் அப்படியே. பேசும் மனிதர்களும் உணர்ச்சியே காட்டாமல் இயந்திரம் மாதிரி பேசுகிறார்கள். உண்மையில் உணர்ச்சியோடு பேசுவது கணினிதான்! முடிவில் கறுப்புப் பலகை என்ன, யார் அனுப்பியது என்ற எதற்கும் விளக்கம் கிடையாது.

அதுவரை காட்சிகள் கதைக்குத் துணையாகத்தான் இருந்தன. வசனம் கதையைச் சொல்லும், படம் அதைக் காட்டும். இங்கே குப்ரிக் அதைத் தலைகீழாக்கினார். எலும்பு ஆகாயத்தில் பறக்கிறது. அடுத்த ஷாட்டில் அந்த இடத்தில் ஒரு விண்கலம். மனித இனத்தின் மொத்த வளர்ச்சியையும் ஒரே ஒரு 'கட்'டில் சொல்லிவிட்டார். வசனத்தை எதிர்பார்த்துக் காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தவர்களுக்கு, கண்ணால் கேட்க வேண்டிய கதை இது என்பது முதல் தடவை பிடிபடவில்லை.

குப்ரிக் என்ன செய்தார்?

முதல் காட்சிகளில் பார்வையாளர்கள் நெளிவதைக் கவனித்த குப்ரிக், உடனே எடிட்டிங் டேபிளுக்குத் திரும்பினார். சில நாட்களிலேயே சுமார் 19 நிமிடக் காட்சிகளைக் குறைத்தார். கதை எங்கே போகிறது என்று தெரிய, திரையில் சில தலைப்பு வரிகளும் சேர்க்கப்பட்டன. இன்று பார்ப்பது அந்தக் குறைக்கப்பட்ட வடிவத்தைத்தான்.

ஆனால் புதிருக்கான விடையை மட்டும் அவர் கடைசிவரை சேர்க்கவில்லை.

படத்தைக் காப்பாற்றியது யார்?

இளைஞர்கள்! நடுத்தர வயதினர் நெளிந்த அதே ஒளிப் பயணக் காட்சியைப் பார்க்க, கல்லூரி வயதினர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு தடவை பார்த்தவர்கள் மறுபடியும் வந்தார்கள். இதைப் புரிந்துகொண்ட எம்ஜிஎம், பின்னாளில் போஸ்டர்களையே மாற்றியது. கதையைப் பற்றிப் பேசாமல், இது ஒரு உச்சகட்டப் பயணம் என்று விளம்பரம் செய்தது.

இன்னொரு முக்கியக் காரணம், கால அவகாசம். அன்றைக்குப் பெரிய படங்கள் குறிப்பிட்ட சில பிரம்மாண்டத் திரையரங்குகளில் மட்டும், முன்பதிவு இருக்கைகளோடு நீண்ட நாட்கள் ஓடும். இந்தப் படமும் பல நகரங்களில் மாதக்கணக்கில் ஓடியது. முதல் வார விமர்சனத்தோடு கதை முடிந்துவிடவில்லை.

அந்த அவகாசத்தில்தான் விமர்சகர்களும் மனம் மாறினார்கள். கெல்மிஸ் அதே மாதத்தில் இரண்டாவது முறை பார்த்துவிட்டு, முதலில் எழுதியதற்கு மாறாகப் பாராட்டி எழுதினார். சாரிஸும் 1970-ல், இது ஒரு பெரிய கலைஞனின் பெரிய படைப்பு என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

பாலின் கேல் மாறினாரா? இல்லை. அவருடைய கட்டுரையும் இன்றுவரை படிக்கப்படுகிறது.

ஆஸ்கரில் என்ன ஆனது?

1969 ஆஸ்கர் விழாவில் சிறந்த இயக்குநர், திரைக்கதை, கலை இயக்கம், விஷுவல் எஃபெக்ட்ஸ் என நான்கு பிரிவுகளில் பரிந்துரை. சிறந்த படத்துக்கான பட்டியலில் இடமே இல்லை. கிடைத்த ஒரே விருது விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு. குப்ரிக் தன் வாழ்நாளில் வாங்கிய ஒரே ஆஸ்கரும் அதுதான். இயக்கத்துக்காக அவர் ஒருமுறைகூட வாங்கவில்லை.

அதன் பிறகு படத்தின் மதிப்பு படிப்படியாக ஏறியது. 'சைட் அண்ட் சவுண்ட்' விமர்சகர்கள் பட்டியலில் 1992-ல் 10-ம் இடம். 2002, 2012, 2022 மூன்று முறையும் 6-ம் இடம். 1991-ல் அமெரிக்கா பாதுகாக்க வேண்டிய படங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்ந்தது. 50 ஆண்டுகள் நிறைவடைந்த 2018-ல், இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் கேன்ஸ் விழாவில் இதன் 70 எம்எம் பிரதியைத் திரையிட்டார்.

அப்போ, முதல் விமர்சனம் தப்பா?

முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. படம் மெதுவாக நகர்கிறது என்பது இன்றும் உண்மைதான். இன்று முதல்முறை பார்ப்பவர்களில் பலருக்கும் "என்னப்பா, ஒண்ணுமே புரியலையே" என்றுதான் தோன்றும். ஆட்லர் சொன்ன மயக்கம், அலுப்பு இரண்டுமே படத்தில் இருக்கின்றன.

ஆனால் அந்த விமர்சனங்கள் கையில் வைத்திருந்தது பழைய அளவுகோல். புதிதாக ஒன்று வரும்போது, அதை அளக்கும் கோலும் புதிதாக வேண்டியிருக்கிறது. அது கிடைக்கச் சிலருக்கு இரண்டு வாரம் ஆனது, சிலருக்கு இரண்டு வருடம்.

இடைவேளையிலேயே ட்வீட், படம் முடிந்ததும் தியேட்டர் வாசலில் தீர்ப்பு, சில வாரங்களிலேயே ஓடிடி என்று ஆகிவிட்ட இந்தக் காலத்தில் இப்படி ஒரு படம் வந்திருந்தால், இரண்டாவது முறை பார்க்கும் வாய்ப்பு விமர்சகர்களுக்கே கிடைத்திருக்குமா என்பதுதான் கேள்வி.