உஷார்! பாரிஸில் தண்ணீர் கேட்குமுன் ஒரு நிமிஷம்

ஈஃபிள் டவரைப் பார்த்துவிட்டு, கால் கடுக்க ஏதோ ஒரு ரெஸ்டாரன்ட்டில் உட்காருவீர்கள். சர்வர் சிரித்த முகத்தோடு வந்து, "சாதா தண்ணியா, கேஸ் போட்டதா?" என்று கேட்பார். 'சாதா' என்றீர்களோ, தொலைந்தது! மினரல் வாட்டர் பாட்டில் மூடி திறந்தபடி மேஜைக்கு வந்துவிடும். 6, 7 யூரோ பில்லில் ஏறிவிடும். நம்மூர்க் கணக்கில் அறுநூறு ரூபாய்க்கு மேல், வெறும் தண்ணீருக்கு!

அவர் பொய் சொல்லவில்லை. மூன்றாவதாக ஒன்று இருப்பதைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான். பிரான்ஸில் சாப்பிட உட்காருகிறவருக்குக் குழாய்த் தண்ணீரும் ரொட்டியும் இலவசம். 1967-லேயே அரசாணை போட்டுவிட்டார்கள். இலவசத் தண்ணீர் கேட்கலாம் என்பதைக் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்று 2022 முதல் சட்டமும் வந்துவிட்டது. பாரிஸ் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். "போன்ஜூர், யூன் கராஃப் தோ, சில் வூ ப்ளே" (வணக்கம், ஒரு ஜாடித் தண்ணீர் கொடுங்கள்) என்று உருப்போட்டுக்கொண்டு போங்கள். அந்த 'போன்ஜூர்' முக்கியம். வணக்கம் சொல்லாமல் பேச்செடுப்பது அங்கே மரியாதைக் குறைவு.

அடுத்த கண்ணி கார்டு மெஷின். 10, 15, 20 சதவீதம் என்று டிப்ஸ் கேட்டுத் திரை ஒளிரும். சர்வர் பக்கத்திலேயே நிற்பார். கூச்சத்தில் நம் விரல் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிடும். வேண்டாம்! வரியும் சர்வீஸும் சேர்ந்த விலையைத்தான் போட வேண்டும் என்பது 1987 முதல் அங்கே விதி. சாப்பாடு பிடித்திருந்தால் சில்லறையை வைத்துவிட்டு எழுந்திருங்கள், போதும். அதே மெஷின் "ரூபாயா, யூரோவா?" என்றும் கேட்கலாம். கண்ணை மூடிக்கொண்டு யூரோவை அமுக்குங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் ரேட்.

காசு போனால் போகட்டும். சைவக்காரர்கள்தான் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும். வெங்காய சூப்தானே என்று நம்பிக் கேட்பீர்கள். பெரும்பாலும் அது மாட்டெலும்புச் சாற்றில் கொதித்தது. லியோன் சாலட்டில் கீரைக்கு நடுவே பொடிப்பொடியாகக் கிடப்பது பன்றிக்கொழுப்புத் துண்டுகள். கீஷ் லொரேன் என்ற முட்டை டார்ட்டிலும் அதே கதை. அசைவக்காரர்களும் ரொம்ப நிம்மதியாக இருக்க வேண்டாம். ஸ்டேக் தார்தார் ஆர்டர் செய்தால், கொத்திய பச்சை மாட்டிறைச்சி சிவப்பாக வட்டமாக வரும். அதன் தலையில் பச்சை முட்டையின் மஞ்சள் கரு பளபளக்கும். திருப்பி அனுப்பிச் சமைத்துத் தரச் சொல்ல முடியாது, அந்த உணவே அதுதான். ஆந்துயெத் என்பது பன்றிக்குடல் அடைத்த சாசேஜ். தட்டு மேஜைக்கு வருமுன்பே அதன் வாசனை வந்து சேரும். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொல்லாமல் கறி, மீன், எலும்புச்சாறு எதுவும் கூடாது என்று பிரித்துச் சொல்லுங்கள். போனில் பிரெஞ்சில் எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது.

மீனின் விலை 9 யூரோ என்று பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம். பக்கத்திலேயே பொடி எழுத்தில் '100 கிராம்' என்று இருக்கலாம்.

மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரை. பிறகு பல இடங்களில் அடுப்பை அணைத்துவிட்டு ஏழு மணிக்குத்தான் திறப்பார்கள். நாலு மணிக்குப் பசியோடு அலைகிறவர்தான் ரூ த லா ஊஷெத் மாதிரி டூரிஸ்ட் தெருக்களில், போட்டோ போட்ட மெனுவை நீட்டிக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும் ஆட்களிடம் சிக்குகிறார். அந்த நேரத்தில் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேல் பக்கம் நடந்துவிடுங்கள். ஈழத்தமிழர் கடைகளில் தோசையும் கொத்து ரொட்டியும் கிடைக்கும். தமிழிலேயே ஆர்டர் கொடுக்கலாம்.

வெளியே நடைபாதை மேஜையில் உட்கார்ந்தால் போனை மேஜைமேல் வைக்காதீர்கள். கையெழுத்து வேட்டை என்று ஒரு அட்டையை உங்கள் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். அட்டை விலகும்போது அடியிலிருந்த போனும் சேர்ந்து போயிருக்கும். யாராவது காகிதம் நீட்டினால் முதலில் போனை எடுத்துப் பைக்குள் போடுங்கள், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.