ஆஸ்பத்திரிக் காற்றை அளப்பது எப்படி?

நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் 2001இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதற்கு முன் அந்த வளாகம் காசநோய் ஆஸ்பத்திரி. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலத்தில் உலகம் முழுக்கவே சானடோரியங்களை ஊரைவிட்டு விலகி, காற்றோட்டமான இடமாகப் பார்த்துக் கட்டினார்கள். காற்றும் வெயிலும் சத்துணவுமே அன்றைய வைத்தியம். மாத்திரை வந்த பிறகு ஜன்னலின் அருமை மெல்ல மறந்துபோயிற்று. இன்று புதிதாகக் கட்டும் ஆஸ்பத்திரி பலவற்றில் கண்ணாடி பதித்து, ஏசி மாட்டி, உள்ளிருக்கும் காற்றையே சுற்றவிடுகிறார்கள். அந்தக் காற்றில் என்னென்ன மிதக்கிறது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது.

தட்டில் விழும் கணக்கு

கிருமி வளர்வதற்கான ஊட்டக்கூழ் நிரப்பிய சிறு தட்டைப் பெட்ரி தட்டு என்பார்கள். அதைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஒரு மணி நேரம் திறந்து வைப்பார்கள். பிறகு மூடி, 37 டிகிரி வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், காற்றிலிருந்து விழுந்த பாக்டீரியா புள்ளி புள்ளியாக வளர்ந்து கண்ணுக்குத் தெரியும். பூஞ்சைக்கு வேறு கூழ், குறைந்த வெப்பம், கூடுதல் நாட்கள். குறிப்பிட்ட அளவு காற்றை உறிஞ்சித் தட்டில் மோதவிடும் கருவியும் உண்டு. ஒரு கன மீட்டரில் எத்தனை என்று துல்லியமாகச் சொல்ல அதுதான் வேண்டும்.

தட்டுக்கு எல்லாம் சிக்காது. வைரஸ் இந்தக் கூழில் வளராது. காசநோய்க் கிருமிக்குத் தனிக் கூழும் வாரக்கணக்கில் பொறுமையும் வேண்டும். ஆசாரிப்பள்ளம் எந்தக் கிருமிக்காக ஆஸ்பத்திரி ஆனதோ அதை இந்தத் தட்டு காட்டாது! அதனால் 'தட்டு சுத்தம், வார்டும் சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியாது.

எந்த நேரத்தில் எடுத்தது?

விடிகாலையில் ஆளில்லா வார்டில் வைத்த தட்டும், மாலை பார்வையாளர் நேரத்தில் வைத்த தட்டும் ஒரே எண்ணைத் தராது. மனிதத் தோலிலிருந்து ஓயாமல் செதில் உதிர்கிறது. கிருமி அதில் ஏறிப் பயணம் செய்கிறது. படுக்கை விரிப்பை உதறினால் போதும், எண்ணிக்கை ஏறிவிடும். பிரிட்டனில் வகுத்த அளவுகோல் ஒன்றின்படி, அறுவை நடக்கும்போது சாதாரணத் தியேட்டரில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 180 பாக்டீரியா வரை ஏற்கலாம். பொது வார்டுக்கு உலகமே ஒப்புக்கொண்ட எல்லை என்று ஒன்று இல்லை.

இந்தக் குழப்பத்தால்தான் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1970 வாக்கிலேயே, காரணமில்லாமல் மாதாமாதம் தட்டு வைக்கும் வழக்கத்தை விடச் சொன்னது. தொற்று பரவும்போதோ, புதுத் தியேட்டரைத் திறக்கும்போதோ, கட்டட வேலை நடக்கும்போதோ எடுக்கும் சோதனைக்குத்தான் பயன் அதிகம் என்பது என் கருத்தும். டயாலிசிஸ் தண்ணீர் விதிவிலக்கு. அதைத் தவறாமல் சோதிக்க வேண்டும்.

இரண்டு மழையின் ஈரம்

ஆனி, ஆடியில் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. இரண்டு பருவமழையும் பெறும் குமரி மாவட்டத்தில் ஆஸ்பத்திரிச் சுவரும் கசியும், கூரை மூலையில் பூசணமும் பிடிக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்து இரண்டு மூன்று மைக்ரான்தான். நுரையீரலின் ஆழம்வரை போய்விடும். ஆரோக்கியமானவருக்கு ஒன்றும் ஆகாது. புற்றுநோய் மருந்து ஏறுகிறவருக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கும் அது உயிராபத்து. கசிவை அடைக்காமல் சுவருக்கு வெள்ளையடிப்பது வீண்வேலை.

ஏசியின் நீர்த்தட்டு, கைகழுவும் தொட்டியின் வடிகுழாய், ஆக்சிஜன் ஈரமாக்கும் பாட்டில் எல்லாம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியேறும் இடங்கள். ஈரமே இல்லாத கட்டில் கம்பியிலும் அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

வாசனையை நம்பாதீர்கள்

பினாயில் வாசனை வந்தால் சுத்தமான ஆஸ்பத்திரி என்று நினைப்பது நம் பழக்கம். தியேட்டரில் ஃபார்மலின் புகை போடும் வழக்கமும் பல இடங்களில் தொடர்கிறது. ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் உறுதி செய்தது. புகையைவிட, அழுக்கைத் துடைத்துக் கிருமிநாசினி பூசுவதும், வடிகட்டிய காற்றைச் செலுத்துவதும் மேல்.

வார்டுக்கு ஜன்னல் போதும். பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு ஆஸ்பத்திரிகளின் காற்றோட்டத்தை அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஜன்னல் திறந்திருந்தபோது 1950க்கு முந்தைய உயரக் கூரைக் கட்டடங்களில் மணிக்கு 40 முறை காற்று மாறியது. பிற்காலக் கட்டடங்களில் 17 முறைதான். உலக சுகாதார நிறுவனமும் 2009இல் இயற்கைக் காற்றோட்டத்தை ஏற்று வழிகாட்டி வெளியிட்டது. ஓட்டுக்கூரையும் வராந்தாவுமாக நிற்கும் நம் பழைய கட்டடங்களை இடிக்கும் முன் இதை யோசிக்கலாம்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் வேலை உண்டு. கூட்டமாகப் போகாதீர்கள். கட்டிலில் உட்காராதீர்கள், கைக்குழந்தையைக் கொண்டுபோகாதீர்கள். துணைக்குத் தங்குகிறவர் கட்டிலுக்கடியில் பாய் விரிக்க வேண்டாம். நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பொது வார்டின் ஜன்னல் மூடிக் கிடந்தால், திறக்கலாமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள்.