தும்மினால் தீர்ந்தது கதை!

“செருப்பை வெளியே விடுங்க, செல்போனை அணைச்சிடுங்க, கதவை அடிச்சுச் சாத்திடாதீங்க!” கோயிலுக்கு அல்ல, ரத்தக்குழாய் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருக்கிறோம். பின்னாலேயே வாருங்கள், சத்தம் போடாமல்!

முதல் அறை ஒரே களேபரம். கண்ணாடிப் புட்டிகள், ரப்பர் குழாய்கள், ‘தொட்டால் உதை’ என்று எழுதி ஒட்டிய டப்பா. எலியின் குடலுக்குப் போகும் தமனியில் வெட்டிய குட்டி வளையத்தை, நுண்ணோக்கி வழியே பார்த்துக் கம்பியில் கோர்க்கிறார் ஒரு மாணவி. கம்பியின் தடிமன் 40 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லிசு. பூக்காரம்மாவே திணறிப்போவார்! நெற்றியில் வழியும் வியர்வையைத் துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை; தோழி துடைத்துவிடுகிறார்.

வளையம் இப்போது 37 டிகிரி உப்புநீரில். பொட்டாசியம் மிகுந்த கரைசலை ஊற்றியதும், திரையில் இறுக்கத்தைக் காட்டும் கோடு விர்ரென்று ஏறுகிறது. தசைச் செல்களின் கால்சியம் வாசல்கள் திறந்து, கால்சியம் உள்ளே பாய்ந்து, குழாய் இறுகிவிட்டது! எல்லோரும் கைதட்டுகிறார்கள், நானும்தான்.

பட்டென்று இருட்டு. கரண்ட் போச்சா? இல்லையாம், நிஃபெடிபின் மருந்துக்கு வெளிச்சம் ஆகாதாம். யாரோ யார் காலையோ மிதிக்க, ஒரே சிரிப்பு. மருந்து விழுந்ததும் கோடு சரசரவென்று இறங்குகிறது. ரத்த அழுத்தத்துக்கு உங்கள் அப்பா தினமும் விழுங்கும் அம்லோடிபின் அடைப்பதும் இதே கால்சியம் வாசலைத்தான்.

உள் அறையில்தான் விருந்தே! உலோகக் கூண்டுக்குள் அதிராத மேசை. வாயில் பிளாஸ்டிக் குழாயோடு ஒருவர், இளநீர் உறிஞ்சுவதுபோல மெல்ல இழுக்கிறார். மறுமுனையில் ஊசிக் கண்ணாடிக்குழல், அதன் நுனியில் ஒரே ஒரு தசைச் செல். எர்வின் நேயருக்கும் பெர்ட் சாக்மனுக்கும் 1991இல் நோபல் வாங்கித் தந்த வித்தை இது.

“ஒட்டிக்கிச்சு!” திரையில் குட்டிக் குட்டிப் படிகள். ஒவ்வொன்றும் ஒரு பொட்டாசியம் வாசல் திறந்து மூடுவது. கால்சியம் குழாயை இறுக்கும் என்றேன் அல்லவா? அதே கால்சியம் செல்லுக்குள் ஓரிடத்தில் மட்டும் பொறியாகத் தெறித்தால், இந்த வாசலைத் திறந்து குழாயைத் தளர்த்திவிடுமாம்! 1995இல் மார்க் நெல்சன் குழு காட்டியது இது. இந்த வாசலின் துணைப்புரதம் இல்லாத சுண்டெலிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடுகிறது.

அப்போதுதான் எனக்குத் தும்மல் வந்து தொலைத்தது. செல் போயே போச்சு.

“பரவாயில்லை சார், இன்னிக்கு இது பன்னிரண்டாவது.” சிரித்தபடி அடுத்த குழலை மாட்டினார்.

உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தால் அவசியம் போய்ப் பாருங்கள். ஜலதோஷம் இருந்தால் மட்டும் வேண்டாம்.