மெத்தை வீட்டுக்குப் போன பின்னர்தான் வியாபாரம்

தளபாடம், மெத்தை, வீட்டுப் பாவனைச் சாமான் விற்கின்ற சகோதரர்கள் பலர் இந்தப் பத்தியை வாசிக்கின்றார்கள். இந்த வாரம் அவர்களுக்காகவே எழுதுகின்றேன். வேறு வியாபாரம் செய்பவர்களும் வாசிக்கலாம். அவர்களும் என்றைக்காவது ஒரு மெத்தை வாங்கத்தானே போகின்றார்கள்.

சேர்ட் வாங்க வருபவர் போட்டுப் பார்த்து வாங்குவார். மின்விசிறியை நாம் சுழலவிட்டுக் காட்டி விற்போம். மெத்தை அப்படியல்ல. கடையில் ஓரமாக உட்கார்ந்து, கையால் இரண்டு தரம் அழுத்திப் பார்த்து, பத்து நிமிடத்தில் முடிவெடுத்து வாங்குகின்ற சாமான் அது. ஆனால் அதைப் பற்றிய தீர்ப்பை வாடிக்கையாளர் சொல்வது மூன்று நான்கு வாரம் படுத்தெழும்பிய பின்னர். அந்த நாட்களில் வீட்டில் என்னென்ன நடக்கும் என்பதைக் காசு வாங்குவதற்கு முன்னரே சொல்லிக் கொடுக்காத வியாபாரி, சண்டையைத் தன் கடை வாசலுக்குத் தானே அழைத்துக்கொள்கின்றார்.

கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கின்றேன். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அக்கம்பக்கத்தவர்கள். மற்றப் பாதி வெள்ளவத்தைத் தொடர்மாடிக்காரர்கள். இரண்டு இடத்திலிருந்தும் வருகின்ற முறைப்பாடுகள் ஏறக்குறைய ஒன்றுதான். மணக்கின்றது, கல் மாதிரி இருக்கின்றது, முதுகு வலிக்கின்றது, இரவில் வேர்த்துக் கொட்டுகின்றது. இப்படி வந்த மெத்தைகளைப் பார்க்க நானே வீடுகளுக்குப் போயிருக்கின்றேன். பத்தில் ஏழெட்டு இடத்தில் மெத்தையில் பிழையே இல்லை. கட்டிலில் பிழை இருக்கும், விரித்த முறையில் பிழை இருக்கும், அல்லது உடம்பு இன்னும் பழகியிருக்காது.

முன்னர் இதைச் சமாளிக்க முடிந்தது. விலை குறைவு, சனம் பொறுத்துக்கொண்டது. 2022ஆம் ஆண்டுக்குப் பிறகு நிலைமை வேறு. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர், மே மாதமாகும்போது 360 ரூபாவளவுக்குப் போனது. ஸ்பொன்ஜ் செய்கின்ற இரசாயனம் இறக்குமதிச் சரக்கு. 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமானது. இன்று ஒரு குடும்பம் நல்ல மெத்தை ஒன்று வாங்குவதென்றால் மாதக் கணக்கில் சேர்த்து வைத்துத்தான் வாங்குகின்றது. அந்தக் காசுக்கு நிம்மதியான தூக்கம் கிடைக்கவில்லையென்றால் அவர்கள் சும்மா இருப்பார்களா?

நம் பக்கத்து நட்டமும் சிறியதல்ல. திரும்பி வந்த மெத்தையை என்ன செய்வது? ஒரு இரவு படுத்தாலும் அது பாவித்த சாமான். இந்த நகரத்தில் சிலர் அதற்குப் புதுப் பொலித்தீன் சுற்றி மறுபடியும் முழு விலைக்கு விற்கின்றார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை, செய்பவர்களுக்குத் தெரியும். அப்படிப் போகின்ற மெத்தையோடு மூட்டைப்பூச்சியும் போகலாம். அது ஒரு தொடர்மாடிக்குள் நுழைந்தால் பக்கத்து வீடுகளுக்கும் பரவும். இந்த வருமானம் ஹலாலானதா என்று மார்க்கம் தெரிந்தவரிடம் கேட்கப் போகத் தேவையில்லை. ஆகவே மெத்தை திரும்பி வராமல் பார்ப்பதுதான் வழி. அதற்குக் கொஞ்சம் சரக்கறிவு வேண்டும்.

எங்கள் சிறுவயதில் மெத்தை என்றால் இலவம் பஞ்சு. வருடத்துக்கு இரண்டு தரம் மொட்டை மாடியில் வெயிலில் போட்டு, தடியால் அடித்து, பஞ்சு உப்பி வரும்வரை காய வைப்பார்கள். இன்று கடைகளில் இருப்பது வேறு சரக்கு. தேங்காய்த் தும்பைச் சுருளாக்கி, இறப்பர் பால் தெளித்து, சூட்டில் அழுத்திச் செய்வது தும்பு மெத்தை. இறப்பர் பாலை நுரையாக்கி வார்ப்பது லேட்டெக்ஸ் மெத்தை. அந்த முறையை 1929இல் இங்கிலாந்தின் டன்லப் கம்பெனியில் கண்டுபிடித்தார்கள். இறப்பர் மரம் 1876இலேயே நம் நாட்டு ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்துவிட்டதால், இன்று இலங்கையில் செய்த லேட்டெக்ஸ் மெத்தை வெளிநாடுகளுக்கும் போகின்றது. ஸ்பொன்ஜ் என்று நாம் சொல்வது 1937இல் ஜெர்மனியில் ஒட்டோ பேயர் என்பவர் கண்டுபிடித்த பொலியூரிதேன் வகை. பிறகு ஸ்பிரிங் மெத்தை. நான்குக்கும் நான்கு குணம்.

பழைய பழக்கத்தில் லேட்டெக்ஸ் மெத்தையைக் கொண்டுபோய் வெயிலில் போடுகின்றவர்கள் இருக்கின்றார்கள். வெயில் பட்டால் லேட்டெக்ஸ் மஞ்சளாகி, காய்ந்து, கடைசியில் தூள் தூளாக உதிரும். இலவம் பஞ்சுக்குச் செய்த உபகாரம் இதற்கு உபத்திரவம். நிழலில், காற்றோட்டத்தில் நிமிர்த்தி வைத்தால் போதும். இதைச் சொல்லாமல் விற்றுவிட்டு, பிறகு "நீங்கள் ஏன் வெயிலில் போட்டீர்கள்?" என்று கேட்பதில் நியாயமில்லை.

அடுத்தது பொலித்தீன். நம்மவர்களின் பெரிய நோய் இது. மகளின் கலியாணத்துக்குக் கட்டிலும் மெத்தையும் வாங்குவார்கள். பழுதாகிவிடும் என்று பொலித்தீனைக் கழற்றமாட்டார்கள். அதன் மேலேயே பெட்ஷீட்டை விரித்து, புது மாப்பிள்ளை புரண்டு படுக்கும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் கேட்க, மாதக் கணக்கில் வைத்திருப்பார்கள். ஒருவர் உடம்பிலிருந்து இரவு முழுவதும் ஈரம் வெளியேறுகின்றது. கொழும்பின் காற்றிலும் ஈரம். இரண்டும் பொலித்தீனுக்குள் மாட்டிக்கொண்டால் வேர்வையும் நாற்றமும் வரும், கொஞ்சக் காலத்தில் கறுப்புப் பூஞ்சணமும் வரும். "மெத்தை சூடு" என்று எனக்கு வந்த முறைப்பாடுகளில் அரைவாசி, கத்திரிக்கோலால் தீர்ந்த முறைப்பாடுகள். மெத்தையைக் காப்பாற்ற வேண்டுமானால் பருத்தி உறை ஒன்று போடச் சொல்லுங்கள். அதையும் உங்களிடமே வாங்குவார்கள்.

மணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இரண்டாம் நாளே தொலைபேசியில், "தம்பி, நீங்கள் தந்த மெத்தை மணக்குது, அறைக்குள்ள படுக்கேலாமல் கிடக்கு" என்றார். ஸ்பொன்ஜ் மெத்தைக்கு இரசாயன மணம் உண்டு, லேட்டெக்ஸுக்கு இறப்பர் மணம் உண்டு. காற்று பட்டால் சில நாட்களில் குறையும், சிலவேளை இரண்டு வாரம் வரை எடுக்கும். அவருடைய வீடு காலி வீதிப் பக்கம். தூசுக்கும் வாகன இரைச்சலுக்கும் பயந்து யன்னலைத் திறப்பதில்லை, இரவில் ஏசியும் ஓடுகின்றது. மணம் எங்கே போகும்? "அம்மா, மெத்தையை மண்டபத்தில் நிமிர்த்தி வைத்து, கடற்கரைப் பக்க யன்னலைத் திறந்து, மின்விசிறியையும் போட்டுவிடுங்கள். நாலு நாள் பழைய மெத்தையில் படுங்கள்" என்றேன். ஐந்தாம் நாள் புது மெத்தையில் படுத்துவிட்டார். இதிலுள்ள பாடம், புது மெத்தை வந்த அன்றே பழையதைத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லி வைப்பதுதான். காற்றை உறிஞ்சிச் சுருட்டி வருகின்ற மெத்தைக்கு இது இன்னும் முக்கியம். அது முழு அளவுக்கு உப்பி வர ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை பிடிக்கலாம். உப்பு முன்னர் அளந்து பார்த்து "அரை அங்குலம் குறைகின்றது" என்று சண்டைக்கு வருபவர்களை நானும் கண்டிருக்கின்றேன்.

கட்டிலைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனைப் பழைய வீடுகளில் பாட்டன் காலத்துக் கட்டில்கள் இருக்கும். மொறட்டுவைத் தச்சர்களிடம் சொல்லிச் செய்வித்தவையும் இருக்கும். 72க்கு 60 என்பார்கள், அளந்தால் உட்பக்கம் 70 தான் இருக்கும். வெளிச் சட்டத்தை அளந்து சொல்லியிருப்பார்கள். மெத்தையை நெருக்கித் திணித்தால் நடுவில் மேடாகும், பிறகு அதையே கம்பெனிக் குறை என்பார்கள். ஆகவே அளவு நாடாவைச் சட்டத்தின் உட்பக்கம் பிடித்து, நீளம் அகலம் இரண்டையும் அளந்து வரச் சொல்லுங்கள். தொடர்மாடிக்காரர் என்றால் லிப்ட்டின் உயரத்தையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். 78க்கு 72 ஸ்பிரிங் மெத்தை மடியாது. ஐந்தாம் மாடிக்குத் தோளில் ஏற்ற நாட்டாமிமார் கேட்கின்ற கூலி, அந்த வியாபாரத்தில் நமக்குக் கிடைத்த இலாபத்தைத் தின்றுவிடும்.

அடிப்பலகைகளுக்கு இடையே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஸ்பொன்ஜும் லேட்டெக்ஸும் அந்த இடைவெளிக்குள் இறங்கும். இடுப்பு விழுகின்ற இடத்தில் ஒரு பலகை உடைந்திருந்தால் சொல்லத் தேவையில்லை. அதற்காக ஒட்டுப்பலகையால் முழுவதையும் மூடிவிடுவதும் சரியல்ல. காற்றுப் போகத் துளையிட வேண்டும். கட்டில் போட இடமில்லாத சிறிய அறைகளில் மெத்தையைச் சீமெந்துத் தரையிலேயே போட்டுப் படுக்கின்றார்கள். வாடகை வீட்டு நிலைமை நமக்கும் தெரியும், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு காலையும் அதைத் தூக்கிச் சுவரில் சாத்தி வைக்காவிட்டால், மழைக்காலம் முடியும்போது அடிப்பக்கம் பூஞ்சணம் பிடித்திருக்கும். அப்படியான வீட்டுக்கு விலையுயர்ந்த பாரமான லேட்டெக்ஸ் மெத்தையைத் தலையில் கட்டாதீர்கள். தூக்கி வைக்கக்கூடிய மெல்லிய தும்பு மெத்தையைக் கொடுங்கள். இலாபம் குறையும். ஆனால் அந்த வீட்டார் அடுத்த சாமானுக்கும் உங்களிடமே வருவார்கள்.

இனி முதுகு வலி. "டொக்டர் கல் மாதிரி மெத்தையில் படுக்கச் சொன்னார்" என்று வருகின்றவர்கள் அதிகம். ஸ்பெயினில் நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 313 பேருக்கு, சிலருக்குக் கடினமான மெத்தையும் சிலருக்கு நடுத்தரமான மெத்தையும் கொடுத்து 90 நாள் அவதானித்தார்கள். 2003இல் லான்செட் என்ற மருத்துவச் சஞ்சிகையில் முடிவு வெளிவந்தது. நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. நாம் வைத்தியர்கள் அல்லர். வைத்தியர் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அதன்படியே கொடுக்க வேண்டும். ஆனால் யாரோ சொன்னதைக் கேட்டு வருபவரிடம் இந்தச் செய்தியைச் சொல்லலாம். அந்த ஆய்வுக்கே 90 நாள் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றாம் நாளே மெத்தையைத் தூக்கிக்கொண்டு வருபவருக்கு அது நல்ல பதில்.

பத்து வருடம் குழி விழுந்த மெத்தையில் படுத்த உடம்பு, சமமான மெத்தையில் முதல் சில நாள் நோகத்தான் செய்யும். புது மெத்தையும் மூன்று நான்கு வாரத்தில் கொஞ்சம் இளகும். ஆரம்ப மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட்டால் ஒரே இடத்தில் பள்ளம் விழாது. மேல் பக்கம் மட்டும் மென்மையாகத் தைத்த மெத்தையைக் கவிழ்த்துப் போடக் கூடாது. தலையணையையும் கவனிக்கச் சொல்லுங்கள். மென்மையான மெத்தையில் உடம்பு இறங்கும்போது பழைய உயரத் தலையணை கழுத்தைத் தூக்கிப் பிடிக்கும். மெத்தையைத் திட்டிக்கொண்டிருந்த பலருக்கு உண்மையில் மாற்ற வேண்டியிருந்தது தலையணைதான். வயதானவர் உள்ள வீடென்றால் உயரத்தையும் கேளுங்கள். உயரமான கட்டிலில் பத்து அங்குல மெத்தையைப் போட்டால், இரவில் எழும்பும்போது கால் தரையில் படாது. அந்த வீட்டில் விழுந்து எலும்பு முறிந்தால் எந்த உத்தரவாத அட்டையும் உதவாது.

உண்மையிலேயே குறையுள்ள மெத்தைகளும் வரும், மறுக்க முடியாது. ஆளில்லாத மெத்தையின் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்து, பள்ளத்தின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். எத்தனை அங்குலம் பதிந்தால் மாற்றித் தருவோம் என்பதைப் பல கம்பெனிகள் உத்தரவாத அட்டையிலேயே போடுகின்றன. கறை பட்டால், அடிக்கட்டில் சரியில்லையென்றால் உத்தரவாதம் செல்லாது என்றும் சிறிய எழுத்தில் போடுகின்றன. விற்கும்போதே அந்தச் சிறிய எழுத்தை வாசித்துக் காட்டுங்கள். பில்லில் அளவு, வகை, தடிப்பு எல்லாம் எழுதிக் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் வாடிக்கையாளர் மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறையிடலாம். "விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று பலகை தொங்கவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

என் கடையில் பட்டா லொறியோடு போகின்ற பையன்களுக்கு ஒரு வேலை கூடுதலாகக் கொடுத்திருக்கின்றேன். மெத்தையை வாசலில் போட்டுவிட்டு வரக் கூடாது. கட்டில் பலகைகளைப் பார்த்து, பொலித்தீனைக் கழற்றி, விரித்துக் கொடுத்து, அந்தப் பொலித்தீனைக் கையோடு கடைக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால்தான் அன்றைய சாப்பாட்டுக் காசுக்கு மேலே நூறு இருநூறு. வீட்டுக்காரர்கள் சிலர் பொலித்தீனைத் தரமாட்டேன் என்று இழுபறிப்படுகின்றார்களாம். அப்படியான வீடுகளின் இலக்கங்களைக் கொப்பியில் தனியாகக் குறித்து வைத்து, பதினைந்தாம் நாள் நானே தொலைபேசியில் கதைக்கின்றேன்.