நீதிபதி வேட்பாளரின் முன்தொழில்: சிறார், குடும்பச் சட்டத்துறையை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

நீதிபதிகள் பதவிக்கு வரும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றது. மலேசியா, சிங்கப்பூர், இந்தியா ஆகிய நாடுகளில் அவர்கள் நியமிக்கப்படுகின்றனர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் பல மாநிலங்களிலோ அவர்கள் மக்களிடம் வாக்குக் கேட்டுப் பதவிக்கு வருகின்றனர். அத்தகைய தேர்தல்களில் வேட்பாளர் தம்மை அறிமுகப்படுத்தும்போது, சிறார் சட்டத்திலும் குடும்பச் சட்டத்திலும் தமக்குள்ள பட்டறிவை எடுத்துரைப்பது உண்டு. அப்பட்டறிவு எதனைக் குறிக்கின்றது, அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கின்றது. ஆண்டுகளின் எண்ணிக்கையைவிட, அவ்வாண்டுகளில் அவர் எப்பணியில், யார் பக்கம் நின்றார் என்பதே முதன்மையானது என்பது நம் கருத்து.

வாக்குறுதி தர இயலாத வேட்பாளர்

சட்டமன்றத்திற்குப் போட்டியிடுபவர் தாம் செய்யப்போவதைக் கூறி வாக்குக் கேட்கலாம். நீதிபதி பதவிக்குப் போட்டியிடுபவர் அவ்வாறு கேட்க இயலாது. தம்முன் வரவிருக்கும் வழக்குகளில் இன்னவாறு தீர்ப்பளிப்பேன் என உறுதிகூறுவதை நீதித்துறை நடத்தை நெறிகள் தடுக்கின்றன. சட்டச் சிக்கல்கள் குறித்துத் தம் கருத்தை வெளியிடுவதற்கு மினசோட்டா மாநிலம் விதித்திருந்த தடையை அமெரிக்க உச்சநீதிமன்றம் 2002ஆம் ஆண்டு நீக்கியது. எனினும் வாக்குறுதி அளித்தலுக்கான தடையை அத்தீர்ப்பு தொடவில்லை. எனவே வாக்காளர் கையில் எஞ்சும் சிறந்த சான்று வேட்பாளரின் கடந்தகாலமே. அவருடைய முன்தொழிலை நாம் கூர்ந்து நோக்க வேண்டியதன் காரணம் இதுவேயாகும்.

சிறார் நீதிமன்றத்தின் தோற்றம்

சிறுவர்களுக்கெனத் தனி நீதிமன்றம் 1899ஆம் ஆண்டு இலினாய் மாநிலச் சட்டத்தின்வழி சிகாகோ நகரை உள்ளடக்கிய குக் மாவட்டத்தில் தோன்றியது. குற்றமிழைத்த சிறுவனைத் தண்டிப்பதன்று, பெற்றோர் நிலையிலிருந்து அவனைத் திருத்துவதே அரசின் கடமை என்பது அதன் அடிப்படைக் கொள்கை. ஆதரவற்ற குழந்தைகளும் புறக்கணிக்கப்பட்ட குழந்தைகளும் அதே நீதிமன்றத்தின் வரம்பிற்குள் வந்தனர். இதனால் நீதிபதி சட்டம் அறிந்தவராக இருப்பது மட்டும் போதவில்லை. வீட்டுச் சூழல், பள்ளி, வறுமை, குழந்தையின் உள்ளம் ஆகியவற்றையும் அவர் அறிந்திருக்க வேண்டியதாயிற்று.

மேரி பார்டெல்மி: ஒரு சான்று

இத்தேவைக்குப் பொருத்தமான முன்தொழில் எத்தகையது என்பதற்கு மேரி பார்டெல்மியின் வாழ்க்கை நல்லதொரு சான்று. முதலில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிய இவர் பின்னர்ச் சட்டம் பயின்று 1894ஆம் ஆண்டு வழக்கறிஞரானார். 1897ஆம் ஆண்டு குக் மாவட்டத்தின் பொதுப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். பெற்றோரை இழந்த சிறாரின் நலனையும் உடைமைகளையும் காப்பது அப்பதவியின் பணி. 1913ஆம் ஆண்டு சிறார் நீதிமன்ற நீதிபதிக்கு உதவியாளராகி, சிறுமியரின் வழக்குகளை மூடிய அறையில் கேட்டார். வீடு திரும்ப இயலாத சிறுமியர் தங்குவதற்கு இல்லங்களையும் ஏற்படுத்தினார். அவர்கள் வெளியேறும்போது ஆடைகள் நிறைந்த பெட்டியொன்றைத் தந்தனுப்பியமையால் ‘பெட்டி மேரி’ என்னும் சிறப்புப்பெயர் அவருக்கு அமைந்தது. 1923ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று நீதிபதியான அவர், 1933ஆம் ஆண்டு ஓய்வுபெறும்வரை சிறாரின் வழக்குகளைக் கேட்டார்.

அவர் வாக்காளர்முன் நின்றபோது அவருக்குப் பின்னால் ஏறத்தாழ கால் நூற்றாண்டுப் பணி இருந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. வகுப்பறை, பாதுகாவலர் அலுவலகம், விசாரணை அறை ஆகிய மூன்றிலும் குழந்தைகளை நேரில் கண்டவர் அவர்.

நல்லெண்ணத்தின் எல்லை

எனினும் குழந்தைகள்மீது பரிவு கொண்டவர் என்பது மட்டுமே போதிய தகுதியாகாது. இதனைத் தெளிவாக்கியது 1967ஆம் ஆண்டின் கால்ட் வழக்கு. அரிசோனா மாநிலத்தில் 1964ஆம் ஆண்டு 15 வயதுச் சிறுவன் ஒருவன், அண்டை வீட்டுப் பெண்ணிடம் தொலைபேசியில் தகாத சொற்களைப் பேசினான் என்று பிடிக்கப்பட்டான். குற்றச்சாட்டு முறையாக எழுத்தில் அறிவிக்கப்படவில்லை. வழக்கறிஞர் எவரும் இல்லை. புகார் கூறிய பெண் விசாரணைக்கு வரவேயில்லை. சிறுவன் 21 வயது நிறையும்வரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்கப்படலாம் என ஆணையிடப்பட்டது. அதே குற்றத்தை வயதுவந்தவர் ஒருவர் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் வரையிலான அபராதமோ இரண்டு மாதங்களுக்கு மேற்படாத சிறையோதான் கிடைத்திருக்கும்.

குற்றச்சாட்டை அறியும் உரிமை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை, தனக்கெதிராகப் பேசாதிருக்கும் உரிமை ஆகியவை சிறாருக்கும் உண்டு என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருத்துவதற்காக என்று கூறினாலும், பூட்டிய கதவு பூட்டிய கதவே என்பது இத்தீர்ப்பு உணர்த்தும் உண்மை. ஆகவே இன்றைய வேட்பாளரிடம் நாம் எதிர்பார்க்கும் முன்தொழில் பரிவு, சட்ட நடைமுறை ஆகிய இரண்டையும் பயிற்றுவித்ததாக இருத்தல் வேண்டும்.

முன்தொழிலின் வகைகள்

சிறார், குடும்பச் சட்டப் பட்டறிவு என்று ஒரே பெயரில் வழங்கப்படுவது உண்மையில் பலவகைப் பணிகளின் தொகுப்பாகும்.

முதலாவது, அரசுத் தரப்பு வழக்கறிஞர் பணி. சான்றுகளை எடைபோடவும், பாதிக்கப்பட்டோரின் துன்பத்தை உணரவும் இது பழக்குகின்றது. ஆனால் சிறுவனை அவன் செய்த செயலின்வழி மட்டுமே காணும் பார்வை இதில் வளரக்கூடும்.

இரண்டாவது, சிறுவனுக்காக வாதாடும் பணி. கால்ட் தீர்ப்பிற்குப் பின் இது விரிவடைந்தது. காவல்துறையின் கூற்றை வினவாமல் ஏற்கலாகாது என்பதை இது கற்பிக்கின்றது.

மூன்றாவது, வழக்கில் குழந்தையின் நலனை எடுத்துரைக்கும் சார்பாளர் பணி. கொடுமைக்கு ஆளான குழந்தையின் வழக்குகளில் இத்தகைய சார்பாளரை நியமிப்பதை, நடுவண் அரசின் நிதியுதவிக்கான நிபந்தனையாக 1974ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இவர் குழந்தை வாழும் இல்லத்தையும் ஆசிரியரையும் நேரில் காண்பவர். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அண்மைய 22 மாதங்களில் 15 மாதங்கள் வளர்ப்பு இல்லத்தில் கழித்த குழந்தையின் பொருட்டுப் பெற்றோர் உரிமையை நீக்குமாறு பொதுவாக மனுச்செய்தல் வேண்டும். இதற்குச் சில விலக்குகளும் உண்டு. ஓர் ஒத்திவைப்பு குழந்தையின் வாழ்நாளில் எத்துணைப் பெரிய பங்கு என்பதை இப்பணியிலிருந்து வந்த நீதிபதி நன்கறிவார்.

நான்காவது, மணவிலக்கு, குழந்தைப் பொறுப்பு, பராமரிப்புத் தொகை ஆகிய வழக்குகளைத் தனியார் கட்டணம் பெற்று நடத்தும் பணி. இணக்கம் காணும் திறனை இது தருகின்றது. ஆயினும் வழக்கறிஞருக்குக் கட்டணம் செலுத்த இயலாத பெற்றோரை இப்பணியில் அடிக்கடி சந்திக்க வாய்ப்பில்லை.

ஒருவர் இந்நான்கனுள் ஒன்றில் மட்டும் 20 ஆண்டுகள் இருந்ததற்கும், இரண்டு மூன்றில் மாறி மாறிப் பணியாற்றியதற்கும் வேறுபாடு உண்டு. வேட்பாளரின் குறிப்பில் ஆண்டுக் கணக்கு மட்டும் இருப்பின், நாம் கேட்கவேண்டிய வினா இன்னும் எஞ்சியே உள்ளது.

நியமன முறையில் இவ்வினா

தேர்தல் இல்லாத நாடுகளில் இதே வினாவிற்குச் சட்டமே விடையளிக்க முயல்கின்றது. இந்தியாவின் 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம், திருமண அமைப்பைப் பேணுதல், குழந்தை நலம் ஆகியவற்றில் பற்றும், இணக்கம் காண்பதில் பட்டறிவும் உடையோரை நீதிபதிகளாகத் தெரிவுசெய்ய முயலுமாறு கூறுகின்றது. பெண்களுக்கு முன்னுரிமையும் அளிக்கின்றது. அச்சட்டத்தின்படி வழக்கறிஞர் வைத்துக்கொள்வது தரப்பினரின் உரிமையன்று என்பதால் நீதிபதியின் பின்னணி மேலும் முதன்மை பெறுகின்றது. திருமணத்தைப் பேணுதலில் பற்று என்னும் தகுதி, கொடுமையிலிருந்து விடுபட வரும் பெண்ணுக்கு இடையூறாகவும் அமையலாம் என்பதை நாம் மறத்தலாகாது. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் நடுவருடன் இரண்டு சமூகப் பணியாளர்களை அமர்த்துகின்றது.

மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் அமைத்த சிறார் நீதிமன்றத்திலும் நடுவருக்கு ஆலோசகர் இருவர் துணைநிற்கின்றனர். அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். ஒரே மனிதரிடம் எல்லாப் பட்டறிவையும் எதிர்பார்ப்பதைவிட, பட்டறிவுகளை ஒரே மேசையில் கூட்டுவது இம்முறையின் நோக்கம் எனலாம்.

முடிவுரை

சிறார் நீதிமன்றத்தின் ஒரு நாள் விசாரணை, ஒரு குழந்தை எந்த வீட்டில் உறங்கும், எந்தப் பள்ளிக்குச் செல்லும் என்பதை மாற்றவல்லது. ஆகவே அங்கு அமரவிருப்பவரிடம், ‘எத்தனை ஆண்டுகள்?’ என்பதோடு, ‘யாருக்காக? அங்கே கற்றது என்ன? மறுதரப்பில் நின்று பார்த்ததுண்டா?’ என்னும் வினாக்களும் கேட்கப்படுதல் வேண்டும். வாக்காளர் கேட்டாலும், நியமனக் குழுவினர் கேட்டாலும் வினாக்கள் இவையே. நீதிமன்றத்திற்கு அனுப்பப்படும் மாணவனைப் பற்றிய பள்ளி அறிக்கையை எழுதும் ஆசிரியரும் இவற்றை அறிந்திருப்பது நலம். அவ்வறிக்கையைப் படிப்பவர் எத்தகைய கண்களால் படிக்கின்றார் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகின்றது.