டார்க் ரூம் தொட்டி: கழிவுக் குழாய் எங்கே போகிறது?

பிலிம் கேமரா மறுபடி இளைஞர் கைகளுக்கு வந்திருக்கிறது. வீட்டு ஸ்டோர் ரூமை டார்க் ரூமாக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது என்லார்ஜரை. வில்லங்கம் வருவதோ பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டி வழியாக.

டெவலப்பர், ஸ்டாப் பாத், ஹைப்போ, கழுவும் நீர் என நான்கு ட்ரேக்களை வரிசையாக வைக்க 6 அடி நீளம், 2 அடி அகலம், அரை அடி ஆழம் தொட்டிக்கு வசதியான அளவு. துளை அடைத்து நிரம்பினால் அதில் ஏறத்தாழ 170 லிட்டர் நிற்கும். எடையும் 170 கிலோ. எனவே சுவரில் பிராக்கெட் அடித்துத் தொங்கவிடாமல், காலுள்ள ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வாடகை வீட்டில் இதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. உரிமையாளரின் எழுத்துபூர்வச் சம்மதமின்றிக் கட்டுமான மாற்றம் செய்வது, தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி வெளியேற்றக் காரணமாகலாம். சுவரை உடைக்காத ஸ்டாண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. புதுக் குழாய் இணைப்புக்கு மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது.

தொட்டி செய்ய, மரைன் பிளைவுட் மீது எபாக்சி பூசினால் போதும். பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 710 என்றும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் தட்டினால் உண்மையா போலியா என்று கடையிலேயே தெரிந்துவிடும். அடிக்கு கால் அங்குலம் சரிவு கொடுங்கள். பித்தளை கப்ளிங்கை ஹைப்போ அரித்துவிடும், பி.வி.சி.யே போடுங்கள். பயன்படுத்தும் முன் தொட்டியை நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து, ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். தாள் நனைந்திருந்தால் கசிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டது, கீழ்வீட்டுக்காரரின் சீலிங் தப்பியது என்று அர்த்தம்.

இனி, அந்தக் குழாய் எங்கே போகிறது என்ற கேள்வி. பிளம்பர்கள் சுலபவழியாக பால்கனிக் குழாயில் சேர்த்துவிடுவதுண்டு. பல அடுக்குமாடிகளில் அது மழைநீர் சேகரிப்புக் குழியில் முடிகிறது. அதாவது, உங்கள் ரசாயனம் நிலத்தடிக்குப் போய், போர்வெல் வழியாகத் திரும்ப வரலாம். கழிவுநீர்க் குழாயில்தான் இணைக்க வேண்டும். அதிலும் பயன்படுத்திய ஹைப்போவை ஊற்றக் கூடாது. படத்திலிருந்து கரைந்த வெள்ளி அதில் இருக்கிறது. செப்டிக் டேங்க் என்றால் இன்னும் கவனம் தேவை. நச்சுப் பொருளைத் தெரிந்தே நீர்நிலையிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ நிலத்திலோ விடுவதை 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தடுக்கிறது. தீர்ந்த ஹைப்போவை மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் சேர்த்துவைத்து, எக்ஸ்ரே மையங்களிலோ பழைய போட்டோ லேப்களிலோ விசாரியுங்கள். வெள்ளிக்காக அதை எடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

உடம்புக்கு வரும் கேடுகள் மூன்று நான்குதான், ஆனால் லேசானவை அல்ல. டெவலப்பரில் உள்ள மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும், கையுறை கட்டாயம். அமில ஹைப்போவிலிருந்து எழும் சல்ஃபர் டை ஆக்சைடு ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. எக்ஸாஸ்ட் ஃபேனைத் தலைக்கு மேலே வைத்தால் ஆவி உங்கள் மூக்கைக் கடந்துதான் வெளியேறும். ட்ரேக்களுக்குப் பின்னால், தொட்டி மட்டத்தில் வையுங்கள். ஸ்டாப் பாத்துக்கான அடர் அசெட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை அல்ல. ஈரக் கையும் இருட்டும் சேரும் இடம் என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவுத் துண்டிப்பான்) இல்லாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ரசாயனம் ஊற்றிவைக்கும் பழக்கத்தை மன்னிக்கவே முடியாது. குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். ரசாயனத்தின் லேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

போலிப் பலகையோ ஒழுகும் தொட்டியோ உங்கள் தலையில் கட்டப்பட்டால், கடைக்காரருக்கும் செய்துகொடுத்தவருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால், பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. இதற்கெல்லாம் முதல் ஆதாரம் பில்தான். ஜி.எஸ்.டி. மிச்சம் என்று கடைக்காரர் ஆசை காட்டினாலும், பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.