காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு

நாய் ஆஸ்பத்திரியில் வரவேற்பறையோடு திரும்பிவிடுகிறவர்களுக்குப் பின்கட்டில் நடக்கிற துப்பறியும் வேலை தெரியவே தெரியாது. வாருங்கள், உள்ளே போகலாம்! இன்று குஷிங் நோய்க்கான பரிசோதனை நாள். 'நோய் இருக்கிறதா?' என்பது பாதிக் கேள்விதான். 'எங்கிருந்து வந்தது?' என்பதுதான் மீதி. எனக்கு மூச்சு முட்டுகிற சுவாரசியமெல்லாம் அந்த மீதியில்தான்.

வழக்கமான நோயாளியை முதலில் பார்த்துவிடுவோம். பத்து வயது டாஷண்ட், எடை பத்து கிலோ. வயிறு தொங்குகிறது, விலாவில் முடி கொட்டியிருக்கிறது, சும்மா படுத்திருக்கும்போதே இரைக்கிறது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு ராத்திரியெல்லாம் ஒன்றுக்குப் போகிறது. தட்டில் எது விழுந்தாலும் காலி. "வயசாயிடுச்சு, நல்லாத்தான் சாப்பிடுறான்" என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் அதன் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அளவு மீறிப் பெருகிக் கிடக்கிறது.

உடம்பின் ஏற்பாடு எளிமையானது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்பும். அது சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ரினல் சுரப்பிகளைப் போய்ச் சேர்ந்ததும், அவை கார்ட்டிசாலைச் சுரக்கும். போதுமான அளவு சேர்ந்துவிட்டால் பிட்யூட்டரி அடங்கிவிடும். பிட்யூட்டரியில் ஒரு கட்டி வந்து, அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காமல் போனால் அது ஒரு வகை. தானாக வருகிற குஷிங்கில் நூற்றுக்கு எண்பது எண்பத்தைந்து நாய்கள் இந்த வகைதான். அட்ரினலிலேயே கட்டி வந்து, யாரையும் கேட்காமல் சுரந்து தள்ளினால் இன்னொரு வகை. 1932இல் அமெரிக்க மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் மனிதர்களில் இந்த நோயை விவரித்தபோது விரல் நீட்டியது பிட்யூட்டரிக் கட்டிகளை நோக்கித்தான். 'மூலம் எது?' என்ற கேள்வி இந்த நோயோடு கூடப் பிறந்தது.

மூன்றாவதாகவும் ஒரு வகை உண்டு. அதைப் பிடிக்க ஊசியே வேண்டாம், வாய் போதும். நல்ல டாக்டர் சிரிஞ்சைத் தொடுவதற்கு முன்னால் கேட்பார்: "என்னென்ன மருந்து போடுறீங்க? அரிப்புக்கு ஊசி போட்டீங்களா? காதுக்குச் சொட்டு மருந்து? கண்ணுக்கு? உங்க கையில தடவுற களிம்பை நக்குதா?" கடைசிக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும்! நம் ஊர்க் கடைகளில் சீட்டே இல்லாமல் கிடைக்கிற படைக் களிம்புகள் பலவற்றில், கார்ட்டிசால் போலவே வேலை செய்கிற வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. தினமும் அதை நக்குகிற நாய்க்கும் குஷிங் வரலாம். அதன் அட்ரினல்கள் வேலையில்லாமல் சுருங்கிப் போயிருக்கும். ஏசிடிஎச் ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தாலும் கார்ட்டிசால் ஏறவே ஏறாது. இந்த நாய்க்குத் தேவை கார்ட்டிசாலைக் குறைக்கும் மாத்திரை அல்ல. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதுதான். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

நம் டாஷண்டுக்குக் களிம்பு, சொட்டு எதுவும் இல்லை. ஆகவே, காலை எட்டு மணி! முதல் ரத்தம் எடுத்தாயிற்று. அடுத்து டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பத்து கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். குப்பியிலோ ஒரு மில்லிக்கு 4 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியே உறிஞ்சினால் 0.025 மில்லி, சிரிஞ்சின் கோடுகளில் அளக்கவே முடியாது. அதனால் செவிலியர் ஒரு மில்லி மருந்தோடு ஒன்பது மில்லி சலைன் கலக்கிறார். இப்போது 0.25 மில்லி போதும். கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து, குமிழியைத் தட்டி வெளியேற்றி, நரம்பில் மெதுவாக ஏற்றுகிறார். நாள் முழுவதும் நடக்கப்போகிற விளையாட்டு இந்தக் கால் மில்லியில் அடங்கியிருக்கிறது!

'கார்ட்டிசால் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, நிறுத்திக்கொள்' என்று பிட்யூட்டரியை நம்பவைக்கும் வேலை இது. ஸ்டீராய்டுகளில் இதைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. பிரட்னிசலோனைக் கொடுத்தால் ஆய்வகக் கருவி அதையும் கார்ட்டிசால் என்று எண்ணிவிடும். டெக்ஸாமெத்தசோனில் அந்தக் குழப்பம் இல்லை.

பகல் பன்னிரண்டுக்கு இரண்டாவது ரத்தம், மாலை நான்குக்கு மூன்றாவது. நடுவில் பெரும்பாலும் சாப்பாடு கிடையாது. அகோரப் பசிக்காரனுக்கு எட்டு மணி நேரப் பட்டினி! நகம் வெட்டுவதுகூடக் கூடாது, பதற்றப்பட்டால் கார்ட்டிசால் தானாக ஏறும். ஓரமாக, அமைதியான கூண்டில் படுக்கவைத்துவிடுகிறார்கள்.

முடிவு வரும்போது மூன்றே எண்கள். உதாரணத்துக்கு, டெசிலிட்டருக்குக் காலையில் 6, பகலில் 1, மாலையில் 4 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது மணியில் 1.4க்கு மேல் இருப்பதால் குஷிங் என்பதற்கு வலுவான சான்று கிடைத்தாயிற்று. பகலில் இறங்கிவிட்டு மாலையில் திரும்ப ஏறியிருக்கிறதே, அந்தப் பள்ளம்தான் துப்பு! ஏமாற்று வேலைக்குக் கொஞ்ச நேரமாவது மசிந்தது பிட்யூட்டரி. அட்ரினல் கட்டி மசியாது, அது பிட்யூட்டரியின் பேச்சைக் கேட்டு நடப்பதே இல்லை. ஆனால் மூன்று எண்களும் ஒரே உயரத்தில் நின்றால்? அட்ரினல் கட்டி என்று உடனே முடிவு கட்ட முடியாது. பிட்யூட்டரிக் கட்டியுள்ள நாய்களிலும் கணிசமானவை இந்தச் சிறிய அளவு மருந்துக்கு அசைவதில்லை.

அப்போது ஏசிடிஎச்சையே நேரடியாக அளப்பார்கள். அட்ரினல் கட்டி என்றால் பிட்யூட்டரி அடங்கிப்போய் ஏசிடிஎச் அடிமட்டத்தில் கிடக்கும். பிட்யூட்டரிக் கட்டி என்றால் அப்படி இறங்காது. சொல்ல எளிது, செய்வதற்குள் ஓட்டமும் நடையும்தான்! ஏசிடிஎச் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் சிதையும். பிளாஸ்டிக் குழாய், பனிக்கட்டி, குளிர் சென்ட்ரிஃபியூஜ், உடனே உறைநிலை. ஒருவர் குழாயோடு ஓட, இன்னொருவர் கதவைத் திறந்து பிடிப்பார். மேசையில் மறந்து வைத்தால் எண் பொய்யாக இறங்கி, இல்லாத அட்ரினல் கட்டியைக் காட்டிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஸ்கேன் அறை. விளக்கை அணைத்து, சிரைத்த வயிற்றில் ஜெல் தடவி, முதலில் இடது பக்கம். வேர்க்கடலைத் தோடு மாதிரி இடை சிறுத்த இடது அட்ரினல் திரையில் தெரிகிறது. வலது பக்கத்தைத் தேடுவதுதான் பாடு. விலா எலும்புக்கு அடியில், பெருஞ்சிரையை ஒட்டி ஒளிந்திருக்கும். இரண்டும் ஒரே மாதிரி கொழுத்திருந்தால் பிட்யூட்டரிதான் முதல் சந்தேகம். ஒன்று பருத்து மற்றது ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லாமல் மெலிந்திருந்தால், பருத்ததில்தான் கட்டி. அது பெருஞ்சிரைக்குள் நுழைந்திருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுவார்கள்; அறுவை செய்யலாமா என்பது அதையும் பொறுத்தது.

பிட்யூட்டரி என்று தெரிந்தால் சிடி அல்லது எம்ஆர்ஐ. கட்டி பெரிதென்றால் மூளையை அழுத்தும் என்பதால் சிகிச்சைத் திட்டம் மாறும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் வாயின் மேலண்ணம் வழியாகவே போய் பிட்யூட்டரியை எடுக்கிறார்கள். 52 நாய்களில் அதைச் செய்த முடிவுகளை 1998இல் வெளியிட்டார்கள். எப்பேர்ப்பட்ட கைகள்!

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் உங்களை அனுப்ப மனமில்லை. 2008இல் அதே நாட்டு மருத்துவர்கள் ஒரு விஸ்லா நாயைப் பற்றி எழுதினார்கள். ஏசிடிஎச் அடிமட்டத்தில், அட்ரினல் கட்டியும் தென்படவில்லை, ஆனாலும் குஷிங்! சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கார்ட்டிசாலை அளந்து பார்த்தார்கள். சாப்பிட்ட பிறகு அது எகிறியது. அதற்குக் கொடுத்த மருந்து, கார்ட்டிசாலைக் குறைக்க வழக்கமாகத் தருகிற டிரைலோஸ்டேன்தான், குறைந்த அளவில். கொடுத்த நேரம் மட்டும் வேறு: சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். நாய் தேறியது!